பகிரப்படாத இரகசியம்: கணினிப் பயனரை அடையாளங்காட்டும் சிறு கருவிகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட அச்சு வடிவம்)



விசைப்பலகையின் முன் அமர்ந்து ஒரு பெயரைத் தட்டச்சு செய்பவர் உண்மையில் அப்பெயருக்குரியவர்தாமா என்பதைக் கணினி எவ்வாறு முடிவு செய்கிறது என்பதே இச்சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட வினா. கணினிப் பாதுகாப்பு நூல்கள் இதற்கு மூன்று விடைகளைச் சொல்கின்றன. பயனர் அறிந்திருக்கும் ஒன்று, அவர் கையில் வைத்திருக்கும் ஒன்று, அவர் உடலில் அமைந்திருக்கும் ஒன்று என்பவை அவை. கடவுச்சொல் முதல் வகை. விரல்ரேகையும் கருவிழியும் மூன்றாம் வகை. இடையிலுள்ள இரண்டாம் வகையைச் சேர்ந்த சிறு கருவிகளே, அதாவது எண் காட்டும் டோக்கன், சில்லு பதித்த அட்டை, கணினியில் செருகும் யுஎஸ்பி சாவி ஆகியவையே, இங்கு ஆராயப்படுகின்றன. விரல்ரேகையைப் பற்றிய ஆய்வு தனிப் பொழிவுக்குரியது. களவுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், களவுபோன விரல்ரேகையை மாற்றிக்கொள்ள இயலாது என்ற ஒரு செய்தியோடு அதை இங்கு விட்டுவிடலாம்.

இத்தகைய கருவிகளின் வலிமை அவை கைக்கு அடக்கமான பொருள்களாக இருப்பதில் உள்ளது என்றும், திருடன் அப்பொருளையே திருடியாக வேண்டும் என்பதால் பயனர் காப்பாற்றப்படுகிறார் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து பாதியளவே சரியானது. கருவிக்குள் இருக்கும் இரகசியம் வேறு எவரிடமும் இல்லாதிருந்தால்தான் அக்கருவி பாதுகாப்புத் தருகிறது. இரண்டு இடங்களில் வைக்கப்பட்ட இரகசியம் இரண்டு இடங்களிலும் திருடப்படக்கூடியது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறை கண்ட முன்னேற்றம் என்பது இரகசியம் இருக்கும் இடங்களை ஒன்றாகக் குறைத்துவந்ததுதான் என்பதும், வசதி கருதி இன்னோர் இடம் சேர்க்கப்படும்போதெல்லாம் பழைய ஆபத்தும் உடன் திரும்பி வருகிறது என்பதும் இப்பொழிவின் மையக் கருத்தாகும். அதனை நிறுவும் செய்திகள் பின்வருமாறு எண்ணிட்டுத் தரப்படுகின்றன.

1. கடவுச்சொல் இருவர் அறிந்த இரகசியம்

கடவுச்சொல்லின் குறை எதுவென்று கேட்டால் பயனரின் கவனக்குறைவையே பலரும் சுட்டுவர். அதற்குச் சான்றும் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகக் குறுகியவையாகவோ அகராதிச் சொற்களாகவோ பெயர்களாகவோ இருந்து எளிதில் கண்டுபிடிக்கத்தக்கனவாக அமைந்திருந்தன என்று காட்டினர். ஆயினும் பயனர் எத்துணைக் கவனமாக இருந்தாலும் தீராத குறை ஒன்று கடவுச்சொல்லுக்கு உண்டு. அதைச் சரிபார்க்க வேண்டிய கணினியும் அதை ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்க வேண்டும் என்பதே அது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961 முதல் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்னும் பகிர்நேர அமைப்பு, ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்த வழி செய்தது. ஒருவர் கோப்பை மற்றவர் திறவாதிருக்க அதில் கடவுச்சொல் புகுத்தப்பட்டது. 1960களின் நடுப்பகுதியில் அங்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை அவ்வமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். கணினியில் நுழைவோர் அனைவர்க்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை ஒரு நிர்வாகியும், கடவுச்சொற் பட்டியலை இன்னொரு நிர்வாகியும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் நிரல் இருவர்க்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்பின் இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. பயனர் எவரும் எத்தவறும் செய்யவில்லை. இரகசியத்தின் மற்றொரு படி கணினியிடம் இருந்தது என்பது ஒன்றே காரணம். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் மீளக் கணக்கிட முடியாத வேறோர் எண்ணாக மாற்றி வைக்கும் வழக்கம் பின்னர் வந்து இக்குறையைக் குறைத்தது. ஆயினும் நுழையும் கணத்தில் பயனர் கடவுச்சொல்லை முழுவதுமாக மறுமுனைக்கு ஒப்படைத்தாக வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

2. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்

ஒருமுறை பயன்பட்டபின் செல்லாததாகிவிடும் கடவுச்சொல் என்ற எண்ணத்துக்குத் தெளிவான கணித வடிவத்தை லெஸ்லி லாம்போர்ட் 1981-இல் தந்தார். அதே காலப்பகுதியில், 1984-இல் தொடங்கப்பட்ட செக்யூரிட்டி டைனமிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் செக்யூர்ஐடி என்ற டோக்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவிக்கொத்தில் கோக்கும் அளவுள்ள, சிறு திரையைக் கொண்ட, பிரிக்க முடியாதபடி மூடப்பட்ட அக்கருவி, 60 நொடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும்; பயனர் தம் மறைவெண்ணோடு அந்த எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்வார்.

கருவிக்குள் இரண்டே பொருள்கள் இருந்தன. ஒன்று கடிகாரம், மற்றொன்று விதை எனப்படும் நீண்ட இரகசிய எண். விதையையும் அந்நேரத்தையும் ஒருவழிக் கணக்கீடு ஒன்றுக்கு உட்படுத்தினால் கிடைப்பதே திரையில் தோன்றும் எண். விளைவிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற இயலாத கணக்கீடே ஒருவழிக் கணக்கீடு என்று வழங்கப்படுவதால், திரையில் தோன்றும் எண்ணை எத்தனை முறை பார்த்தாலும் விதையை அறிய முடியாது. அலுவலகக் கணினியும் அதே விதையைக் கொண்டு அதே நேரத்துக்குரிய எண்ணைத் தானும் கணக்கிட்டு, இரண்டும் ஒத்தால் கதவைத் திறக்கும். டோக்கனின் கடிகாரம் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் பிந்தும் அல்லது முந்தும் என்பதால், மறுமுனைக் கணினி முன்பின் நிமிடங்களுக்குரிய எண்களையும் ஒப்பிட்டு, எந்த டோக்கன் எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. இன்று கைப்பேசிச் செயலிகள் 30 நொடிக்கு ஒருமுறை காட்டும் ஆறிலக்க எண்ணும் இதே முறையில் பிறப்பதுதான். 2011 மே மாதம் அது பொதுத் தரமாக வெளியிடப்பட்டது.

விதை இரண்டு இடங்களில் இருந்தது என்பதே இம்முறையின் உட்குறை. உண்மையில் மூன்று இடங்களில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். டோக்கனைச் செய்து விற்ற நிறுவனம் எந்த வரிசை எண்ணுள்ள டோக்கனில் எந்த விதை உள்ளது என்ற பதிவைத் தானும் வைத்திருந்தது. செக்யூரிட்டி டைனமிக்ஸ் 1996-இல் ஆர்எஸ்ஏ நிறுவனத்தை வாங்கி, பின்னர் அதன் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2011 மார்ச் மாதம் அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஊடுருவியோர் செக்யூர்ஐடி தொடர்பான தகவல்களை எடுத்துச்சென்றுவிட்டனர் என்ற அறிவிப்பு வெளியானது. ஊழியர் சிலருக்கு வந்த மின்னஞ்சலில் இணைந்திருந்த, ஆளெடுப்புத் திட்டம் என்று தலைப்பிட்ட எக்செல் கோப்பை ஒருவர் திறந்ததே தொடக்கம். சில வாரங்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் தளவாட நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் தாக்குதலுக்கு உள்ளானது. ஆர்எஸ்ஏவிடமிருந்து எடுக்கப்பட்ட தகவல் அதில் பயன்பட்டது என்று ஆர்எஸ்ஏவே ஜூன் மாதத்தில் ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்கு டோக்கன்களை மாற்றித்தர முன்வந்தது.

பல நாடுகளில் எத்தனையோ ஊழியர்கள் தம் டோக்கனைத் தொலைக்காமல் சாவிக்கொத்திலேயே வைத்திருந்தனர். பொருள் கையில் இருந்தும் அது தந்த காவல் ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளானது. கருவியின் வலிமை அது கையில் இருப்பதில்தான் உள்ளது என்ற பொதுக் கருத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு தேவையில்லை.

3. எண்ணைக் கேட்பவர் யார் என்பது

விதை களவு போகாத நிலையிலும் இம்முறையில் மற்றொரு பகிர்வு நிகழ்கிறது. திரையில் தோன்றும் எண்ணைப் பயனர் யாரிடமேனும் சொல்லத்தான் வேண்டும். யாரிடம் சொல்கிறோம் என்பதை அவர் தம் கண்ணாலும் காதாலுமே தீர்மானிக்க வேண்டியுள்ளது. கணினி பயனரைச் சோதிக்கிறதேயன்றி, கணினியைச் சோதிக்கப் பயனர்க்கு வழி எதுவும் தரப்படவில்லை.

வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டுப் பெற்றுப் பணத்தை எடுத்துவிடும் மோசடி தமிழ்நாட்டில் எவர்க்கும் புதிதன்று. இந்திய ரிசர்வ் வங்கி, அட்டையை நேரில் காட்டாமல் செய்யும் பரிமாற்றங்களுக்கு 2009 ஆகஸ்டு முதல் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அட்டை எண் மட்டும் தெரிந்தவர் பணம் எடுத்துவிடும் நிலையை அது பெருமளவு தடுத்தது என்பது மறுக்கவியலாத நன்மை. ஆயினும் நடைமுறையில் குறுஞ்செய்தி எண்ணே அச்சரிபார்ப்பாக நிலைபெற்றதால், யாரிடமும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு குறுஞ்செய்தியும் சுமந்து வருகிறது. பகிர்ந்தால்தான் வேலை நடக்கும் என்று அமைக்கப்பட்ட ஒன்றை உரியவரிடம் மட்டும் பகிருமாறு முதியவர்க்கும், அவசரத்தில் இருப்பவர்க்கும், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்க்கும் அறிவுறுத்துவது, அமைப்பின் குறையை அதன் பயனரின் தலையில் ஏற்றுவதாகும். பணத்தை இழந்தவரை ஏமாளி என்று பேசும் வழக்கம் இக்காரணத்தால் அநீதியானது.

கல்வியும் பயிற்சியும் பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். 2020 ஜூலை 15 அன்று ட்விட்டர் நிறுவனத்தின் உள்கருவிகள் கைப்பற்றப்பட்டு, உலகறிந்த பலரின் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிச் செய்திகள் வெளியாயின. நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை நடத்திய விசாரணையின்படி, தாக்கியோர் ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தம்மைத் தொழில்நுட்ப உதவிப் பிரிவினர் என்று சொல்லிக்கொண்டு, நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தை ஒத்த போலிப் பக்கத்துக்கு அவர்களை வழிநடத்தினர். ஊழியர் அங்கே தட்டச்சு செய்தவற்றைத் தாக்கியவர் அக்கணமே உண்மையான பக்கத்தில் இட்டார். அதனால் எழுந்த இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் ஊழியர் சிலர் தாமே செய்து முடித்துவிட்டனர். 60 நொடியில் காலாவதியாகும் எண் என்பது இத்தகைய உடனடிக் கைமாற்றுக்குத் தடையே அன்று.

குறுஞ்செய்திக்கு மேலும் ஓர் இடர் உண்டு. எண் பயனரின் கைப்பேசிக்குத்தான் செல்கிறது என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். வேறொருவர் பொய்யான ஆவணம் காட்டி அதே எண்ணுக்குப் புதிய சிம் கார்டு பெற்றுவிட்டால் அவ்வுறுதி முறிகிறது. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தொலைபேசி வலைப்பின்னல் வழியாக எண் அனுப்பும் முறையைக் கட்டுப்பாட்டுக்குரியதாக வகைப்படுத்தியதற்கு இத்தகைய இடர்களே காரணம்.

4. உடைக்காமலே காட்டப்படும் பரல்

பாண்டியன் அவையில் கண்ணகி தன் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டிய பின்னரே உண்மை நிலைநாட்டப்பட்டது. வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரு சிலம்புகளை உள்ளிருந்த பரல்களே வேறுபடுத்தின. ஆனால் பரலைக் காட்டச் சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது. கடவுச்சொல்லும் ஓடிபியும் இவ்வகையானவையே: உள்ளிருப்பதை வெளியே எடுத்துக் கொடுத்தால்தான் மெய்ப்பிக்க முடியும். உடைக்காமலே உள்ளிருப்பது இன்னதென்று மெய்ப்பிக்கும் வழியை விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையோடு தொடங்கிய பொதுத் திறவுகோல் குறியாக்கம் தந்தது.

இம்முறையில் ஒன்றோடொன்று கணிதத் தொடர்புடைய இரண்டு எண்கள் சேர்ந்தே பிறக்கின்றன. ஒன்று தனித் திறவுகோல். அது கருவியை விட்டு வெளியேறுவதில்லை. மற்றொன்று பொதுத் திறவுகோல். அதை எவரிடமும் கொடுக்கலாம், அதைக்கொண்டு தனித் திறவுகோலைக் கண்டறிய நடைமுறையில் இயலாது. இணையதளம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்த ஓர் எண்ணை அறைகூவலாக அனுப்புகிறது. கருவி தனித் திறவுகோலால் அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருகிறது. இணையதளம் தன்னிடமுள்ள பொதுத் திறவுகோலைக்கொண்டு அக்கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. இணையதளத்தின் பதிவேடு முழுவதும் களவு போனாலும் திருடனுக்குக் கிடைப்பவை பொதுத் திறவுகோல்களே. அவற்றால் எந்தக் கணக்கையும் திறக்க முடியாது. இரகசியம் ஒரே இடத்துக்குச் சுருங்கிவிட்டது.

அரசு ஊழியர்க்கும் படைவீரர்க்கும் சில்லு அட்டை வழங்கிய நாடுகள் இம்முறையை முன்பே கையாண்டுள்ளன. அவ்வட்டைக்குத் தனி வாசிப்புக் கருவியும், அதற்கேற்ற மென்பொருளும், சான்றிதழ் வழங்கும் அலுவலகமும் வேண்டியிருந்தமையால் அது பெரும்பாலான நாடுகளில் பொதுமக்களைச் சென்றடையவில்லை. ஸ்வீடனில் 2007-இல் தொடங்கப்பட்ட யூபிகோ நிறுவனமும் கூகுளும் சேர்ந்து வகுத்து, நுழைவுத் தரங்களை உருவாக்கும் ஃபைடோ கூட்டமைப்பு 2014 டிசம்பரில் வெளியிட்ட, யுஎஸ்பி சாவிக்கான யு2எஃப் தரம் இத்தடைகளை நீக்கியது. அதன் வளர்ச்சியான வெப்ஆத்தன் 2019 மார்ச்சில் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது.

யுஎஸ்பி சாவியைச் செருகி அதன் உலோக வட்டத்தைப் பயனர் விரலால் தொடும் அந்த ஒரு நொடிக்குள் நடப்பதை அருகிலிருந்து காண்பது தகும், ஏனெனில் இம்முறையின் உயிர் அங்கேதான் உள்ளது. இணையதளம் அனுப்பிய அறைகூவலை மட்டும் உலாவி சாவியிடம் கொடுப்பதில்லை. தான் அப்போது உண்மையில் எந்த முகவரியோடு தொடர்பிலிருக்கிறதோ அம்முகவரியையும் சேர்த்தே கொடுக்கிறது. சாவி ஒவ்வோர் இணையதளத்துக்கும் தனித்தனித் திறவுகோல் இணையை உருவாக்கியிருப்பதால், தன்னிடம் தரப்பட்ட முகவரிக்குரிய திறவுகோல் உண்டா என்று முதலில் பார்க்கிறது. வங்கியின் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அமைத்த போலிப் பக்கத்தில் பயனர் இருந்தால், அவர் கண் அதைக் கவனிக்கத் தவறினாலும் உலாவி அந்தப் போலி முகவரியையே சாவிக்குச் சொல்லும். அம்முகவரிக்குத் திறவுகோல் இல்லாமையால் சாவி கையொப்பமிடாது. பயனர் முழுமையாக ஏமாந்துபோய்த் தம் கடவுச்சொல்லைத் தந்துவிட்ட பின்னரும், ஏமாறாத ஒன்று அவர் கையில் இருக்கிறது. விரலால் தொட வேண்டும் என்ற ஏற்பாடு விரல்ரேகையைப் படிப்பதற்காக அன்று. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் தீநிரல், மனிதர் அருகில் இல்லாத வேளையில் சாவியைத் தானே பயன்படுத்திவிடாமல் தடுப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. புதிய சாவிகளில் மறைவெண்ணும் உண்டு. அம்மறைவெண் இணையதளத்துக்குச் செல்வதில்லை, சாவிக்குள்ளேயே சரிபார்க்கப்படுகிறது, எட்டு முறை தொடர்ந்து தவறினால் சாவி பூட்டிக்கொள்கிறது.

இதன் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரையே குறிவைத்து நடத்தப்பட்ட தாக்குதல்களில் குறுஞ்செய்தி எண் 76 விழுக்காட்டைத் தடுத்தது என்றும், பாதுகாப்புச் சாவி அனைத்தையும் தடுத்தது என்றும் காணப்பட்டது. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. மூவர் போலிப் பக்கத்தில் தம் கடவுச்சொல்லை இட்டும்விட்டனர். ஊழியர் அனைவருக்கும் யுஎஸ்பி சாவி கட்டாயமாக இருந்தமையால் தாக்கியவர் அதற்கு மேல் ஓரடியும் எடுத்துவைக்க இயலவில்லை. மூன்று ஊழியர் ஏமாந்ததை மறைக்காமல் வெளியிட்ட அந்நிறுவனத்தின் நேர்மை இத்துறை மாணவர்க்குப் பெரும் பாடமாக அமைந்தது.

இதற்கும் எல்லை உண்டு. பயனர் முறையாக உள்ளே நுழைந்தபின் உலாவி வைத்துக்கொள்ளும் அனுமதிக் குறியைக் கணினியிலுள்ள தீநிரல் திருடிச்சென்றால் சாவி அதைத் தடுக்காது. வாயிலில் நடக்கும் சோதனையைத்தான் சாவி காக்கிறது.

5. திறவுகோல் பிறந்த இடம்

தனித் திறவுகோல் கருவியை விட்டு வெளியேறாது என்பதோடு, அது நன்கு பிறந்திருக்கவும் வேண்டும். 2002 முதல் சில்லு பதித்த அடையாள அட்டை வழங்கிவரும் எஸ்தோனியாவில் குடிமக்கள் அவ்வட்டையால் ஆவணங்களில் கையொப்பமிடுகின்றனர். 2005 முதல் வாக்கும் அளிக்கின்றனர். 2017-இல் செக் நாட்டின் பர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவ்வட்டையிலும் இடம்பெற்ற இன்ஃபினியான் நிறுவனத்தின் சில்லுகள் திறவுகோலுக்கான பகா எண்களைத் தேர்ந்தெடுத்த முறையில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டறிந்தனர். விரைவாகக் கணக்கிடும் பொருட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கப்பட வேண்டிய பகா எண்கள் குறுகிய ஒரு வகையிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. அதனால் பொதுத் திறவுகோலைக்கொண்டே தனித் திறவுகோலைக் கணக்கிடும் வாய்ப்பு உண்டாயிற்று. ஏறத்தாழ 13 லட்சம் மக்களைக் கொண்ட அந்நாட்டில் 7.5 லட்சம் அளவிலான அட்டைகள் இக்குறைக்கு உள்ளாகியிருந்தன. அரசு செய்தியை மக்களுக்கு உடனே அறிவித்து, அட்டைக்குள் வேறு கணித முறையில் புதிய திறவுகோலை இணையம் வழியாகவே உருவாக்கும் ஏற்பாட்டைச் செய்து, நவம்பர் தொடக்கத்தில் பழைய சான்றிதழ்களை நிறுத்திவைத்தது.

2024 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் சில்லுகளில் வேறொரு குறை வெளிப்பட்டது. கையொப்பமிடும்போது சில்லிலிருந்து கசியும் மின்காந்த அலைகளை அளந்து திறவுகோலை அறியலாம் என்று நிஞ்ஜாலேப் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தினர் காட்டினர். சாவியைக் கைப்பற்றித் திறந்து, விலையுயர்ந்த கருவிகளால் அளந்தாலன்றி இது நிகழாது என்பதால் எளிய பயனர்க்கு அச்சமில்லை. ஆயினும் அச்சில்லுகளைக் கொண்ட யூபிகோ சாவிகளின் உள்மென்பொருளை விற்ற பின் மாற்ற முடியாது. எவரும் உள்ளே புகுந்து திருத்த முடியாதபடி செய்த காவலே, குறை கண்டபின் திருத்தவும் முடியாத நிலையை உண்டாக்கியது.

6. இந்தியாவின் மின்கையொப்ப டோக்கன்

ஃபைடோ கூட்டமைப்பு தோன்றுவதற்கு முன்பே, பொதுத் திறவுகோல் முறையில் இயங்கும் யுஎஸ்பி டோக்கன் இந்திய அலுவலகங்களில் இடம்பெற்றுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி மின்கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. நிறுவனப் பதிவு, வருமான வரி, மின்னணு ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றில் டிஎஸ்சி என்று வழங்கும் சான்றிதழ் பயன்படுகிறது. அதன் தனித் திறவுகோல் தரச்சான்று பெற்ற டோக்கனுக்குள் இருக்கிறது. அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள உரியவர் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. கணித அளவில் இது கடவுச்சொல்லைவிடவும் ஓடிபியைவிடவும் வலுவான ஏற்பாடு.

நடைமுறை வேறு. தணிக்கையாளர் அலுவலக மேசையின் இழுப்பறையைத் திறந்தால், வாடிக்கையாளர் பலரின் டோக்கன்கள் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டு, பல வேளைகளில் மறைவெண்ணும் அதே தாளில் குறிக்கப்பட்டு, அடுக்கிவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று முதல் எட்டு வரையான எண்களைத் தொழிற்சாலையில் இட்டனுப்பிய மறைவெண்ணாகக் கொண்ட டோக்கன்கள் அவ்வெண் மாற்றப்படாமலே புழங்குவதும் உண்டு. இதில் தணிக்கையாளரின் தீய எண்ணம் எதுவும் இல்லை. கடைசி நாளில் படிவம் ஏற்ற வேண்டியவர் அவர். டோக்கனுக்குரியவரோ வெளியூரில் இருப்பார். சில்லுக்குள் ஒரே இடத்தில் அடைக்கப்பட்ட இரகசியம் சில்லோடு சேர்ந்தே இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது.

இதன் விளைவு கடுமையாக உணரப்படக்கூடிய இடம் ஊராட்சி. ஊராட்சிகளின் கணக்கைக் கையாளும் இ-கிராம்ஸ்வராஜ் தளம் வழியாகச் செய்யப்படும் செலவுகளில் பட்டியலைத் தயாரிப்பவர், அதைச் சரிபார்ப்பவர் என இருவரின் மின்கையொப்பம் வேண்டப்படுவது, ஒருவர் தனித்துப் பணத்தை எடுத்துவிடாதிருக்கும் பொருட்டே. இரண்டு டோக்கன்களும் ஒருவர் பையிலேயே இருந்தால் அந்தக் காவல் ஏட்டில் மட்டும் எஞ்சும். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவரின் டோக்கனைக் கணவரோ, பட்டியலினத் தலைவரின் டோக்கனை ஊரின் செல்வாக்குள்ளவரோ வைத்துக்கொண்டால், அரசமைப்புத் தந்த அதிகாரம் விரல் நீள யுஎஸ்பி துண்டோடு பறிபோகிறது. பணி முடிந்தபின் விசாரணை வரும்போது சட்டத்தின் முன் கையொப்பமிட்டவர் அத்தலைவரே. டோக்கனை வழங்கும் அலுவலர் அதை உரியவர் கையிலேயே கொடுத்து, மறைவெண்ணை அவரே அமைக்கும் வரை உடனிருந்து, அவருக்குப் புரியும் மொழியில் அதன் பொருளை விளக்குவது பாதுகாப்பின் முதற்படி. தொலைவிலிருந்து தணிக்கைப் பணி செய்வோர்க்குப் பிறர் டோக்கனைக் கொடுப்பதற்கு மாறாக, அவர்தம் சொந்தக் கையொப்பத்தால் பிறர் சார்பில் செயல்படும் அனுமதியைத் தளங்களே வழங்க வேண்டும். அவ்வழி இல்லாத இடத்தில் டோக்கனைப் பகிராதீர் என்ற சுற்றறிக்கையால் பயன் விளையாது.

7. தொலைதலும் மீட்பும்

ஒரே இடத்தில் இருக்கும் இரகசியம் தொலைந்தால் முற்றிலும் தொலைந்துபோகும். இதுவே இம்முறைக்குச் சொல்லப்படும் தலையாய தடை. அது நியாயமான தடையும்கூட. பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குச் செய்யும் ஏற்பாடு, சாவியைத் தொலைத்தவர் மின்னஞ்சலாலோ குறுஞ்செய்தியாலோ தம்மை மெய்ப்பித்துப் புதிய சாவியைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது. அவ்வாறு செய்த அன்றே அக்கணக்கின் காவல் குறுஞ்செய்தியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தாக்குபவர் சாவியை எதிர்கொள்ள வேண்டியதில்லை, சாவியைத் தொலைத்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்டால் போதும்.

2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஆதரவு அறிவித்த பாஸ்கீ என்னும் முறை வேறொரு தீர்வை முன்வைக்கிறது. கைப்பேசியே சாவியாகிறது; தனித் திறவுகோல் குறியாக்கம் செய்யப்பட்டு அந்நிறுவனங்களின் சேமிப்பகம் வழியாகப் பயனரின் மற்றக் கருவிகளுக்கும் படியெடுக்கப்படுகிறது. கைப்பேசி தொலைந்தாலும் திறவுகோல் தொலையாது. போலி முகவரிக்குக் கையொப்பமிடாத பண்பு இதிலும் அப்படியே உள்ளதால், ஓடிபியை நம்பியிருக்கும் பொதுமக்களுக்கு இது பெரும் முன்னேற்றம். அதை வரவேற்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆயினும் இரகசியம் மீண்டும் பல இடங்களில் வாழத் தொடங்குகிறது என்பதையும், பயனரின் அச்சேமிப்பகக் கணக்கை மீட்கும் வழி எதுவோ அதுவே இப்போது எல்லாக் கணக்குகளுக்கும் வாயில் என்பதையும் மறைக்கக் கூடாது. கருவூலம், மின்வாரியக் கட்டுப்பாட்டு அறை, மருத்துவப் பதிவகம், செய்தியாளரின் மின்னஞ்சல் போன்றவற்றுக்குப் படியெடுக்க முடியாத தனிச் சாவியே தக்கது.

அத்தகைய இடங்களில் மீட்புக்குரிய வழி இரண்டாவது சாவிதான். கூகுள் 2017-இல் அச்சுறுத்தலுக்கு ஆளாகக்கூடியோர்க்கெனத் தொடங்கிய உயர்பாதுகாப்புத் திட்டம், தொடக்கத்தில் ஒவ்வொருவரும் இரண்டு சாவிகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்று வகுத்திருந்தது. இரண்டையும் ஒரே நாளில், நேரில், அடையாளம் சரிபார்க்கப்பட்டபின் பதிவு செய்து, ஒன்றைப் பயனரிடமும் மற்றொன்றை அவர் பெயர் எழுதி முத்திரையிட்ட உறையில் அலுவலகத்தின் இரும்புப் பெட்டியிலும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. உறையைத் திறக்கும்போது இருவர் கையொப்பமிட்டுக் காரணமும் எழுத வேண்டும். பணிமாறுதலோ ஓய்வோ நேரும்போது அவ்விரண்டு சாவிகளின் பதிவும் அன்றே நீக்கப்பட்டு, நீக்கப்பட்ட நாளும் நீக்கியவர் பெயரும் பணிவிடுவிப்பு ஆணையின் அடியிலேயே குறிக்கப்பட வேண்டும்.